ஜேர்மனியிலிருந்து வந்த 23 பிளொப்பிகளும் நான் அவசரப்பட்ட ஆறு மாதங்களும்

மாமாவின் பெட்டி ஆரையம்பதியில் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து இறங்கியது 2022 டிசம்பரில், விடாமல் மாரி பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம். அவர் ஜேர்மனியில் காலமாகி ஒரு வருடம் கழித்து மாமி கப்பலில் போட்டுவிட்ட பெட்டி அது. உள்ளே குளிர் அங்கி ஒன்று, சில பழைய படங்கள், அவற்றுக்கு அடியில் மஞ்சள் படிந்த ஒரு விசைப்பலகைக் கணினி, ஒரு பிஸ்கட் தகரத்தில் 23 பிளொப்பிகள், அதாவது பழைய கணினிகள் தரவை எழுதி வைக்கும் காந்த வட்டுகள். கணினி கொமடோர் நிறுவனம் 1987இல் வெளியிட்ட அமிகா 500. பிளொப்பிகளில் பதினேழின் மீது மாமாவின் கையெழுத்தில் ‘அப்பா 1’, ‘அப்பா 2’ என்று வரிசையாக எழுதியிருந்தது. அம்மா அந்தத் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார்.

காரணத்தைச் சொல்ல வேண்டும். என் அம்மப்பா வடமோடிக் கூத்து பழக்கிய அண்ணாவியார். 1991இல் இறந்துவிட்டார். அவர் பாடியதை ஒரு கசெட்டில் பதிந்து வைத்திருந்தோம். அதிலிருந்து ஒரு பிரதியை அம்மா தபாலில் மாமாவுக்கு அனுப்பியிருந்தார். மூலக் கசெட் 2004 டிசம்பர் 26 அன்று கல்லடியில் எங்கள் வீட்டோடு கடலுக்குப் போனது. மாமாவிடம் இருந்த பிரதியை அங்கே ஒரு டேப் ரெக்கோடர் எப்போதோ மென்று துப்பிவிட்டதாம். ஆனால் அதற்கு முன்பே, அமிகாவின் பின்பக்கத்தில் சொருகும் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவியின் துணையோடு அந்தப் பாடல்களைத் துண்டு துண்டாகக் கணினிக்குள் ஏற்றி வைத்திருந்தார். அம்மப்பாவின் குரல் உலகத்தில் எங்காவது மிஞ்சியிருக்கிறது என்றால் அது அந்தப் பிஸ்கட் தகரத்துக்குள்தான். இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. யாராவது ஒருவர் அன்று என் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தால் இரண்டு வட்டுகள் தப்பியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணினியைப் பற்றி. ஜேர்மனியிலும் இங்கும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்தான். ஆகவே பிளக்குக்கு ஒரு அடப்டர் போட்டால் போதும். அமெரிக்காவிலிருந்து வந்த கணினி என்றால் அப்படிச் சொருகிவிடாதீர்கள், எரிந்துவிடும். அமிகா 500இலிருந்து சாதாரண வீடியோ வயரைத் தொலைக்காட்சியில் சொருகினால் கறுப்பு வெள்ளைப் படம்தான் வரும். அது பழுதல்ல, அந்தக் கணினியின் அமைப்பே அப்படித்தான். நான் அதையே பழுது என்று நினைத்து ஒரு ஞாயிறு முழுவதும் வயர் மாற்றிக்கொண்டிருந்தேன். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அடிப்பக்கத்தில் ஒரு சிறு கதவு இருக்கும். அதற்குள் நினைவக அட்டை இருந்தால் அதில் கடிகாரத்துக்கான பற்றரி ஒன்றும் இருக்கும். முப்பது வருடத்தில் அது கசிந்து, பச்சையும் நீலமுமாகப் பூத்துச் செம்புக் கோடுகளைத் தின்னத் தொடங்கியிருக்கும். மின்சாரம் கொடுக்கும் முன்பே அந்தக் கதவைத் திறந்து பற்றரியை வெட்டி எடுத்துவிட்டு, கசிந்த இடத்தை வினாகிரியால் துடைத்து, பிறகு சுத்தமான அல்கஹோலால் கழுவிக் காயவிட வேண்டும். நான் திறக்காமலே போட்டேன். என் நல்ல காலம், கசிவு ஓரத்தோடு நின்றிருந்தது.

சுவிட்சைப் போட்டதும் திரையில் ஒரு கை பிளொப்பி ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் படம் வந்தது. டிரைவ் ‘டிக், டிக்’ என்று அடித்துக்கொண்டிருந்தது. அமிகா அப்படித்தான், உள்ளே வட்டு வந்துவிட்டதா என்று தட்டித் தட்டிப் பார்க்கும். அமிகாவை எழுப்பும் வேர்க்பெஞ்ச் என்ற மென்பொருள் இருந்த வட்டைத் தகரத்திலிருந்து எடுத்துப் போட்டேன். கணினி எழும்பியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அம்மாவைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, ‘அப்பா 1’ வட்டைத் தகரத்திலிருந்து எடுத்து நேரே உள்ளே தள்ளினேன். துடைக்கவில்லை, மூடியைத் தள்ளி உள்ளே பார்க்கக்கூட இல்லை. சுண்ணாம்புச் சுவரில் நகம் கீறியதுபோல ஒரு சத்தம். பிறகு வாசிப்புப் பிழை என்ற அறிவிப்பு. மறுபடி முயலச் சொன்னேன். மறுபடியும் அதே சத்தம். நாலைந்து தடவை முயன்றேன். பிறகு ‘அப்பா 2’ஐப் போட்டேன். அதற்கும் அதே கதி. சந்தேகம் வந்து, சற்று முன் நன்றாக ஓடிய வேர்க்பெஞ்ச் வட்டையே திரும்பப் போட்டேன். அதுவும் ஓடவில்லை. அப்போதுதான் கை நின்றது. அம்மா எழும்பிப் போய் அடுப்படியில் ஏதோ செய்யத் தொடங்கினார். என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

என்ன நடந்தது என்று எனக்கு விளங்க ஒரு மாதம் ஆனது. மட்டக்களப்பு நகரில் கைத்தொலைபேசி திருத்தும் ஒரு தம்பியிடம் நுணுக்குக்காட்டி இருப்பது ஞாபகம் வந்து, ‘அப்பா 1’ஐ அவரிடம் கொண்டு போனேன். உலோக மூடியை விரலால் ஒதுக்கிவிட்டு, கபில நிறத் தகட்டைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். “அண்ணன், வந்து பாருங்கள், இது பூஞ்சணம்” என்றார். வெறும் கண்ணுக்கு இலேசான மூச்சு ஆவிபோலத் தெரிந்த இடத்தில், நுணுக்குக்காட்டியின் கீழே வெள்ளை நூல்கள் பின்னிப் பிணைந்து கிடந்தன. அவற்றை ஊடறுத்து இரண்டு வட்டக் கீறல்கள். ஒன்று தகட்டின் வெளி ஓரத்தில், மற்றது சரி நடுவில். அந்த இடங்களில் கபில நிறமே இல்லை, அடியில் உள்ள பிளாஸ்ரிக் பளபளத்தது. ஏன் அந்த இரண்டு இடம் என்பது பின்னால்தான் தெரிந்தது. தகட்டில் தரவு வட்ட வட்டமான தடங்களாக எழுதப்பட்டிருக்கும். அமிகா முதலில் ஓரத்திலுள்ள பூச்சியத் தடத்தைப் பார்க்கும். அடுத்து, கோப்புகளின் அட்டவணை இருக்கும் நாற்பதாவது தடத்துக்குப் போகும். நான் ‘மறுபடி முயல்’ என்று அழுத்திய ஒவ்வொரு தடவையும் ஹெட், அதாவது தகட்டைத் தொட்டு வாசிக்கும் முனை, அந்த இரண்டு இடத்தையும் உரசிக்கொண்டேயிருந்திருக்கிறது. பூஞ்சணமும் உரிந்த காந்தப் பூச்சும் கலந்து ஹெட்டில் கட்டியாகப் பிடித்து, அது அடுத்த வட்டையும் கீறி, அதற்கடுத்து வேர்க்பெஞ்சையும் கீறியிருக்கிறது.

ஆகவே வீட்டில் பழைய பிளொப்பி வைத்திருப்பவர்களை நான் கையெடுத்துக் கேட்பது இதுதான்: எந்த டிரைவுக்குள்ளும் அதைப் போடும் முன் மூடியை ஒதுக்கி, தகட்டைச் சாய்வான வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். புள்ளியோ படலமோ தெரிந்தால் போடாதீர்கள். ஒரு வட்டில் கீறல் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள், ஹெட்டைத் துடைக்காமல் அடுத்த வட்டைத் தொடாதீர்கள். நம்முடைய ஊரில் ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல். மாரிகாலத்தில் அலுமாரிக்குள் வைத்த பட்டுச் சீலையே பூத்துப்போகிறது. ஜேர்மனியில் நிலக்கீழ் அறையில் கிடந்துவிட்டு, கப்பலின் வயிற்றில் வெந்து, நேரே மாரிக்குள் வந்து இறங்கிய வட்டு சுத்தமாக இருக்கும் என்று நான் எப்படி நம்பினேனோ தெரியவில்லை.

அந்த ஒரு மாதத்துக்குள் வேறு இரண்டு பிழைகளும் விட்டிருந்தேன். டிரைவில்தான் கோளாறு என்று நினைத்து, யூஎஸ்பியில் சொருகும் பிளொப்பி டிரைவ் ஒன்றை 5,500 ரூபாவுக்கு வரவழைத்தேன். ‘அப்பா 3’ஐ அதில் போட்டதும் விண்டோஸ், “இந்த வட்டைப் பயன்படுத்த முன் ஃபோர்மட் செய்ய வேண்டும், செய்யவா?” என்று கேட்டது. விசைப்பலகையில் இருந்தவன் என் மருமகன், பதினான்கு வயது. நான் வாய் திறக்கும் முன் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டான். ஒரு விநாடி எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பிறகு, வட்டு எழுத முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது என்ற செய்தி வந்தது. மாமா ஒவ்வொரு வட்டின் மூலையிலும் உள்ள சிறு தாழ்ப்பாளைத் திறந்துவிட்டிருந்தார். 3.5 அங்குல வட்டில் அந்தத் துளை வழியாக வெளிச்சம் தெரிந்தால் பூட்டியிருக்கிறது என்று பொருள். பழைய 5.25 அங்குல வட்டில் இது நேர்மாறு: ஓரத்து வெட்டை ஒட்டி மூடினால்தான் பூட்டு. எந்த வட்டை எடுத்தாலும் முதலில் இந்தப் பூட்டைப் பாருங்கள். முப்பது வருடத்துக்கு முந்திய மாமாவின் கவனம்தான் அன்று அம்மப்பாவைக் காப்பாற்றியது.

அந்த வட்டு பழுதில்லை, டிரைவும் பழுதில்லை. இரண்டுக்கும் ஒன்றின் பேச்சு மற்றதற்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். இதை அப்போதே யாராவது சொல்லித் தந்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். இன்றைய விண்டோஸ் கணினிகளின் முன்னோடியான ஐபிஎம் வகைக் கணினி அதே 3.5 அங்குல வட்டில் ஒரு தடத்துக்கு 9 துண்டுகளாக எழுதும், மொத்தம் 720 கிலோபைட். ஒவ்வொரு துண்டுக்கு முன்னும் ஓர் இடைவெளி, ஓர் அடையாளக் குறி. அமிகாவோ முழுத் தடத்தையும் ஒரே மூச்சில் எழுதிவிடும். இடைவெளியை விழுங்கிவிட்டு 11 துண்டுகளை நெருக்கி அடுக்கும், மொத்தம் 880 கிலோபைட். ஐபிஎம் வகைக் கணினியின் பிளொப்பிக் கட்டுப்பாட்டுச் சில்லு அந்த அடையாளக் குறியைத் தேடிக்கொண்டே இருந்துவிட்டு, வெறுமையான வட்டு என்று சொல்லிவிடும். யூஎஸ்பி டிரைவ் அதைவிடக் குறுகிய மனம் கொண்டது. அதற்குத் தெரிந்த இரண்டொரு ஐபிஎம் அமைப்புகளைத் தவிர வேறெதையும் வாசிக்க அதற்கு வழியே இல்லை, எந்த மென்பொருளைப் போட்டாலும் நடக்காது. அமிகாவுக்கு 720 கிலோபைட் வட்டை விளங்கவைக்கும் குரொஸ்டொஸ் என்ற மென்பொருள் பின்னால் வேர்க்பெஞ்ச் 2.1உடன்தான் வந்தது. மாமாவுடையது 1.3.

உங்களிடம் இருப்பது வேறு கணினி என்றால் கதையும் வேறு. அட்டாரி எஸ்டி என்றால் அதிர்ஷ்டம், அதன் வட்டமைப்பு ஐபிஎம் வகைக்கு மிக நெருங்கியது. ஆனாலும் அட்டாரியின் இயங்குதளமான டொஸ் (TOS) 1.04க்கு முந்திய அட்டாரிகள் ஃபோர்மட் செய்த வட்டின் முதல் துண்டில் ஐபிஎம் எதிர்பார்க்கும் சில பைட்கள் இருக்காது. அதனால் ஐபிஎம் கணினி முகம் சுளிக்கும். ஐபிஎம் கணினியில் ஃபோர்மட் செய்த 720 கிலோபைட் வட்டை அட்டாரியில் போட்டு அதற்குள் பிரதி எடுப்பது இலகு. கொமடோர் 64இன் 1541 டிரைவ் எழுதும் முறையே அடியோடு வேறு. அம்ஸ்ட்ராட் கணினிகளில் பல 3 அங்குல வட்டைப் பயன்படுத்துபவை. அவற்றில் வட்டைக் குறை சொல்லும் முன் டிரைவைச் சுற்றும் றப்பர் பட்டியைப் பாருங்கள். அனேகமாகத் தார்போல உருகியிருக்கும்.

என் இரண்டாவது பிழை கொழும்புப் பயணம். அமிகாவின் டிரைவைத் தூக்கிவிட்டு வேறொன்று போடலாம் என்று முடிவெடுத்து, இரவு ரயிலில் போய், பழைய கணினிப் பாகங்கள் விற்கும் கடையொன்றில் 3,500 ரூபாவுக்கு ஐபிஎம் வகை டிரைவ் ஒன்று வாங்கினேன். போக்குவரத்தும் சாப்பாடும் 4,500. எல்லாப் பிளொப்பி டிரைவும் ஒன்றுதானே என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார், நானும் நம்பினேன். வயரின் 34 ஊசிகளும் அப்படியே பொருந்தின. ஆனால் வேலை செய்யவில்லை. அமிகா தன் உள் டிரைவை முதலாவது இலக்கத்தில் கூப்பிடும், ஐபிஎம் டிரைவ் இரண்டாவது இலக்கத்துக்கே காது கொடுக்கும்படி பூட்டப்பட்டிருக்கும். அத்தோடு, வட்டு மாறியதைச் சொல்லும் சைகையை அமிகா 2ஆம் ஊசியில் எதிர்பார்க்கிறது, ஐபிஎம் டிரைவ் அதை 34ஆம் ஊசியில் அனுப்புகிறது. பற்றாசு வைத்து மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கை கிடையாது. இரண்டு நாள் விடுமுறையும் 8,000 ரூபாவும் போனதாகவே நினைத்து டிரைவை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

வழி திறந்தது பெப்ரவரியில். கீர் ஃபிரேசர் என்பவர் வடிவமைத்த கிரீஸ்வீசல் என்ற சிறிய சுற்றட்டை பற்றி வாசித்தேன். உள்ளங்கையில் அடங்கும். ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் சாதாரண ஐபிஎம் பிளொப்பி டிரைவின் வயர். அது வட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்கிக்கொள்ள முயல்வதில்லை. தகடு சுழலும்போது காந்தத் திசை எந்தெந்தக் கணத்தில் மாறுகிறது என்பதை மட்டும் அப்படியே பதிந்துகொள்கிறது. அமிகாவா அட்டாரியா கொமடோரா என்று பிரித்தறிவதைப் பிறகு கணினியில் ஆறுதலாகச் செய்யலாம். தபால் செலவும் வரியும் சேர்ந்து 21,000 ரூபா முடிந்தது. கையில் வர ஏழு வாரம். சம்பளத்தில் வாழும் பாடசாலை ஆசிரியனுக்கு அது சின்னக் காசல்ல. ஆனால் முதல் நாளே இதை வாங்கியிருந்தால் வேறு எதுவும் தேவைப்பட்டிராது. மேசைக்குக் கீழே கிடந்த அந்த 3,500 ரூபா டிரைவ்தான் இதற்குச் சரியான டிரைவ் என்று தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. மேலதிகமாக இன்னொன்றும் 2,500க்கு வாங்கி வைத்தேன், ஒன்று பழுதானாலும் நிற்கக்கூடாது என்பதற்காக.

அட்டைக்காகக் காத்திருந்த காலத்தில் வட்டுகளைத் துடைக்கப் பழகினேன். இதில் அவசரம் கூடாது. மருந்துக் கடை ஸ்பிரிட் வாங்காதீர்கள், அதில் எண்ணெய் கலந்திருக்கலாம், தகட்டில் படலம் விடும். தொலைபேசி திருத்துபவர்கள் பாவிக்கும் 99 வீத ஐசோபுரொப்பைல் அல்கஹோல்தான் வேண்டும். உலோக மூடியை இடது கைப் பெருவிரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்து உலோகக் குமிழைச் சுட்டுவிரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். அல்கஹோலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் தெரிகிற இடத்தை மட்டும் மெதுவாகத் துடைக்க வேண்டும். அழுத்தக்கூடாது. பஞ்சில் சாம்பல் நிறம் வந்தால் பூஞ்சணம், நல்லது. கபில நிறம் வந்தால் காந்தப் பூச்சே கழன்று வருகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்திவிட வேண்டும். இரண்டு பக்கமும் முடிக்க ஒரு வட்டுக்கு எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. ஐந்து வட்டுகளில் உள்ளே உள்ள துணிப் படலமே பூத்துப்போயிருந்தது. அவற்றைத் துடைத்தாலும் பயனில்லை, ஒரு சுற்றில் மறுபடி அழுக்காகிவிடும். மாமாவின் தகரத்தில் விளையாட்டு வட்டுகள் ஐந்து இருந்தன. அவற்றின் கூட்டை மெல்லிய அலகால் ஓரமாகப் பிரித்து, உள் தகட்டை எடுத்துவிட்டு, அம்மப்பாவின் தகடுகளை அங்கே குடியேற்றினேன். அம்மா பக்கத்தில் இருந்து பஞ்சு சுற்றித் தந்தார்.

காயவைப்பதற்கு மே மாதம்வரை பொறுத்திருந்தேன். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் நம்முடைய ஊரில் கொடியில் போட்ட துணி அரை மணியில் மொறமொறத்துவிடும். அந்த மாதங்கள்தான் இந்த வேலைக்கு உகந்தவை. வெயிலில் வைக்கக்கூடாது, அறைக்குள் நிழலில். பிறகு, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு இறுக்கமான மூடியுள்ள பெட்டியில் போட்டு வைத்தேன். அரிசிக்குள் புதைத்து வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், அரிசி மாவு ஹெட்டுக்கு எமன்.

ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை கிரீஸ்வீசலைப் பொருத்தினேன். டிரைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டேயிருந்தது. அப்படி எரிந்தால் வயரைத் தலைகீழாகச் சொருகியிருக்கிறீர்கள், ஓரத்துச் சிவப்புக் கோடு 1ஆம் ஊசிப் பக்கம் வர வேண்டும். திருப்பிச் சொருகியதும் அடங்கியது. மதிப்பில்லாத ஒரு வட்டை முதலில் ஓடவிட்டு, வெளியே எடுத்துத் தகட்டில் கீறல் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். அதன் பிறகே ‘அப்பா 3’. திரையில் தடம் தடமாக எண்கள் ஓடி, கடைசியில் புள்ளிகளால் ஆன ஒரு கட்டம் வந்தது. ஒரு புள்ளி ஒரு நல்ல துண்டு, பெருக்கல் குறி என்றால் பழுது. 1,760க்கு 1,760. ஒரு பெருக்கல் குறிகூட இல்லை. நான் கதிரையிலிருந்து எழும்பிக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். 1,760தான்.

ஒவ்வொரு வட்டுக்குப் பிறகும் ஹெட்டைத் துடைத்தேன். மேல் ஹெட்டைத் தூக்கித் துடைக்கப் போகாதீர்கள், அதைத் தாங்கும் தகடு வளைந்துவிட்டால் டிரைவ் முடிந்தது. நீங்கள் எடுக்கும் முதல் பதிவு, பிரித்தறியாத மூலக் காந்தப் பதிவாகவே இருக்கட்டும். வட்டு இன்னும் எத்தனை தடவை சுழலும் என்று யாருக்கும் தெரியாது, மூலப் பதிவு கையில் இருந்தால் வட்டைத் திரும்பத் தொடாமலே எத்தனை முறையும் அலசலாம். 9 முதல் 12 வரையான நாலு வட்டுகள் என்னைத் திணறடித்தன, எங்கு பார்த்தாலும் பெருக்கல் குறி. உற்றுப் பார்த்தால் அவற்றுக்கு மட்டும் இரண்டு துளைகள். 1.44 மெகாபைட்டுக்கான அடர்த்தி கூடிய வட்டுகளை மாமா வாங்கிப் போட்டிருக்கிறார். அமிகா அந்த இரண்டாவது துளையைக் கவனிப்பதில்லை, தன் பாட்டில் 880 கிலோபைட் எழுதிவிடும். ஐபிஎம் டிரைவ் துளையைக் கண்டதும் அடர்த்தி கூடிய முறைக்கு மாறிவிடுகிறது. வெளிச்சம் புகாத கறுப்பு ஒட்டுநாடாவால் அந்தத் துளையை மூடினேன். மூன்று வட்டுகள் முழுதாக வந்தன, ‘அப்பா 9’ பாதிதான். அந்த வகை வட்டின் காந்தப் பூச்சுக்கு இன்னும் பலமான எழுத்து வேண்டும், அமிகா எழுதியது அதில் ஆழமாகப் பதியாது. இன்றைக்கும் பழைய கணினிகளுக்குப் புதிதாக எழுதுபவர்கள் துளையை மூடி ஒப்பேற்றுகிறார்கள். சில நாள் பாவனைக்குச் சரி, காத்து வைக்க வேண்டியதை அதில் எழுதாதீர்கள்.

வட்டுப் பிரதிக்குள்ளிருந்து ஒலிக்கோப்புகளை எடுத்து ஓடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்தேன். ஒரு வட்டில் இரண்டு கோப்பு. கணினியின் நினைவகமே 1 மெகாபைட் என்பதால் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மத்தளம் கேட்டது, தாளம் கேட்டது, பாட்டும் கேட்டது. அம்மாவைக் கூப்பிட்டேன். கேட்டுவிட்டு முகம் சுருங்கினார். “இது அப்பா இல்லை, மகன். யாரோ ஒரு பொடியன் பாடுகிறான்” என்றார். எனக்கு இடி விழுந்ததுபோல இருந்தது. கோப்பின் தலைப்பில் குறித்திருந்த வேகம் விநாடிக்கு 10,000 மாதிரிகள், அதாவது ஒலியை விநாடிக்கு அத்தனை தடவை அளந்தது, என்றிருந்தது. ஒருவேளை அது பிழையாக இருக்கலாம் என்று வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். 9,500, 9,000. “இன்னும் கட்டை. அப்பாவுக்கு இன்னும் கட்டைக் குரல்.” 8,600. அம்மா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போடத் தொடங்கினார். 8,300க்கு வந்தபோது கையை உயர்த்தினார். “இதுதான். விடு.” எழுபத்தாறு வயதில் அவர் அழுததை நான் அன்றுதான் முதல் தடவை கண்டேன்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. வட்டுகளின் ஒட்டுச்சீட்டுகளை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் 428 என்று எழுதியிருந்தது. கூத்துக் கொப்பியின் பக்க எண்ணாக்கும் என்று அதுவரை விட்டிருந்தேன். அமிகா ஒலியை இத்தனை ஆயிரம் மாதிரி என்று எண்ணுவதில்லை, தன் கடிகாரத் துடிப்பை ஓர் எண்ணால் பிரித்தே வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஐரோப்பிய அமிகாவின் ஒலிக் கடிகாரம் விநாடிக்கு 35,46,895 துடிப்புகள். அதை 428ஆல் பிரித்தேன். 8,287. அம்மாவின் காது சொன்னதற்கும் மாமாவின் பென்சில் சொன்னதற்கும் இடையில் வித்தியாசம் 13. வட்டின் மேல் எழுதியிருக்கும் எதையும், விளங்காத ஓர் எண்ணாக இருந்தாலும், துடைக்கவோ உரிக்கவோ வேண்டாம். கூடு மாற்றும் முன் ஒட்டுச்சீட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

மொத்தச் செலவு 39,000 ரூபா, அல்கஹோல், அடப்டர் போன்ற சில்லறைக்குப் போன 2,000உம் சேர்த்து. அதில் யூஎஸ்பி டிரைவுக்குக் கொடுத்தது மட்டும் முற்றாக வீண். ஆறு மாதம் போனது. 14 வட்டுகள் முழுதாகவும் ஒன்று பாதியாகவும் கிடைத்து, ஏறத்தாழ 23 நிமிடம் அம்மப்பாவின் குரல் எங்களிடம் இருக்கிறது. மூன்று இடத்தில் பிரதி வைத்திருக்கிறேன், ஒன்று மாமியிடம் ஜேர்மனியில்.

கருவி இப்போது வீட்டில் சும்மாதான் இருக்கிறது. தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், களுவாஞ்சிகுடியிலிருந்து ஒருவர் ஏற்கெனவே அட்டாரி வட்டுகளோடு வந்து போனார். கொண்டுவருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வேறெங்கும் போட்டுப் பார்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

‘அப்பா 1’ஐயும் ‘அப்பா 2’ஐயும் நான் எறியவில்லை. நடுத்தடத்தில் இருந்த அட்டவணை அழிந்தாலும், அமிகாவின் பழைய கோப்பு முறையில் ஒவ்வொரு தரவுத் துண்டும் தான் எந்தக் கோப்பைச் சேர்ந்தது, எத்தனையாவது துண்டு என்பதைத் தன் தலையிலேயே சுமந்திருக்கும். கீறிய இடங்களை ஹெட் தொடாதபடி, மற்றத் தடங்களை மட்டும் வாசிக்கச் சொல்லி ‘அப்பா 1’ஐப் போன வாரம் ஒரேயொரு தடவை ஓடவிட்டேன். 1,760இல் 1,214 துண்டுகள் வந்திருக்கின்றன. பின்னேரங்களில் அவற்றைக் கொப்பியில் எழுதி வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ‘அப்பா 2’ சிலிக்காப் பெட்டிக்குள் இருக்கிறது, அடுத்த கச்சானுக்கு.